தோளுக்கு வெளியே ஒரு விரல் கருப்பு

எங்கள் ஸ்கேன் சென்டரில் எடுக்கிற நெஞ்சு எக்ஸ்ரேக்களில் ஒரு வழக்கம் உண்டு. தோளுக்கு வெளியே ஒரு விரல் அகலத்துக்கு வெறும் கருப்பு விட்டிருப்போம். அங்கே உடம்பு கிடையாது, காற்று மட்டும்தான். புதிதாக வரும் டாக்டர்கள் இதைப் பார்த்துவிட்டு, ஃபிலிமை எதற்கு இப்படி வீணடிக்கிறீர்கள் என்று கவுன்ட்டரில் இருக்கும் என்னைக் கேட்பார்கள். பிரிண்ட் ரூமில் கேளுங்கள் என்று நான் கையைக் காட்டிவிடுவேன். பிரிண்ட் ரூமில் இருப்பது என் அண்ணி. அவள் லேசில் பதில் சொல்லிவிடமாட்டாள். எனவே நானே சொல்லிவிடுகிறேன்.

அண்ணிக்கு வீட்டில் 'சாம்பல்' என்று பெயர். வைத்தவன் என் அண்ணன். கல்யாணமான புதிதில் சுவருக்குப் பெயின்ட் வாங்கப் போனார்கள். கடைக்காரர் சாம்பல் நிறம் என்று காட்டிய டப்பாக்களை எல்லாம், இதில் பச்சை இருக்கிறது, இதில் சிவப்பு இருக்கிறது என்று அண்ணி ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தாளாம். கடைசியில் வெள்ளையோடு வீடு வந்து சேர்ந்தார்கள். அவளுக்கு அப்படி ஒரு கண். முதலில் ஒரு ஸ்டூடியோவில் கருப்பு வெள்ளைப் படங்கள் அச்சிட்டுக்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டு ஸ்கேன் சென்டருக்கு வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் பக்கம். பின்னால் என்னையும் கவுன்ட்டரில் சேர்த்துவிட்டாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் வீடு இரண்டாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். வீடு இரண்டாகவில்லை. சண்டைதான் இரண்டு இடத்திலும் நடந்தது.

அவளோடு அதிகம் சண்டை வந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக. அவள் கம்ப்யூட்டர் திரையை நம்பமாட்டாள். திரையில் இருட்டான இடமெல்லாம் ஒரே மையிருட்டாகத் தெரியும், அதற்குள் என்ன இருக்கிறது என்பதை அச்சில்தான் பார்க்க முடியும் என்பாள். ஸ்டூடியோவில் கருப்புக் கோட்டின் மடிப்பு திரையில் தெரியாது, என் பிரிண்ட்டில் தெரியும் என்று பெருமையாகச் சொல்வாள். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். வேறு வழி?

சென்டரில் ஃபிலிம் அச்சிடுவது சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில்தான். நீலம் பூசிய பிளாஸ்டிக் தாள் ஒன்று வரும், அதில் அச்சிட்டு வெளிச்சப் பெட்டியில் செருகி டாக்டர் பார்ப்பார். பிரிண்டரோடு வந்த டிரைவர், அதாவது எந்த மை எங்கே எவ்வளவு விழவேண்டும் என்று பிரிண்டருக்குச் சொல்கிற மென்பொருள், சாம்பல் வேண்டுமென்றால் கலர் மைகளைக் கலந்து ஒப்பேற்றிவிடும். டியூப்லைட்டில் பார்த்தால் எலும்பு பச்சை அடிக்கும், ஜன்னல் ஓரம் கொண்டுபோனால் சிவக்கும். போதாததற்கு அந்த மை வெறும் சாயம். நோயாளிகள் வீட்டில் வெயில் படும் இடத்தில் வைத்துவிட்டால் கொஞ்ச நாளில் படம் வெளுத்துப்போகும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அண்ணிக்கு உடம்பெல்லாம் எரியும்.

ஒருநாள் முடிவெடுத்துவிட்டாள். முதலாளியை எப்படியோ சம்மதிக்க வைத்துப் புதுப் பிரிண்டர் ஒன்று வாங்கி, கலர் மை ஊற்ற வேண்டிய டப்பாக்களில் எல்லாம் கருப்பையும், அடர்த்தியிலிருந்து வெளிறியது வரை விதவிதமான சாம்பல்களையும் ஊற்றினாள். எல்லாம் கரித்தூளில் செய்த மை, வெயிலுக்கு வெளுக்காது. டப்பாவுக்குள் கலர் இல்லை என்பது பழைய டிரைவருக்குத் தெரியாதே, அதனால் ஒவ்வொரு மையையும் நாமே கூட்டிக் குறைக்கிற மாதிரி வேறொரு டிரைவரையும் தேடிப் பிடித்துப் போட்டாள். அண்ணன் பஸ் ஓட்டுகிறவன். ஏற்கெனவே ஒரு டிரைவரோடு படுகிற பாடு போதாதா, இன்னொன்று வேறா என்று கேட்டான். அவள் காதிலேயே வாங்கவில்லை. பழைய பிரிண்டரை ஸ்டோர் ரூம் மூலைக்குத் தள்ளி, அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

புது மையில் முதலில் என் கையைத்தான் படம் எடுத்து அச்சிட்டாள். என் விரல் எலும்பு அவ்வளவு அழகு என்று எனக்கே அன்றுதான் தெரியும். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. எல்லா டாக்டர்களும் பாராட்டினார்கள். நெஞ்சு டாக்டர் மட்டும், எல்லாம் சரி, நுரையீரல் பக்கம் கருப்பு இன்னும் கொஞ்சம் ஆழமாக வந்தால் நன்றாயிருக்கும் என்றார். அவர் வாரத்தில் சில நாள்தான் எங்கள் சென்டருக்கு வருவார். நல்ல மனுஷர், குறை சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார். அண்ணி அன்று மதியமே டிரைவரில் கருப்பு மையின் அளவைத் தூக்கி வைத்தாள். இந்த முறை என் கையைக் கேட்கவில்லை. ஏற்கெனவே பரிசோதித்த மைதானே என்று விட்டுவிட்டாள்.

அண்ணனுக்குக் கொஞ்ச நாளாகவே இருமல். சட்டைக் காலர் தளர்ந்துவிட்டது. சாயங்காலமானால் உடம்பு நெருப்பாகக் கொதிக்கும், கேட்டால் பஸ் இன்ஜின் சூடு என்பான். அண்ணி நச்சரித்து நச்சரித்து அதே நாள் மதியத்துக்கு மேல் அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். இளைத்தும்கூட ஆள் பரந்த தோள்காரன். எக்ஸ்ரே எடுப்பவர், "தோளே ஃபிலிமை அடைச்சிடுது, சார்" என்று கிண்டல் செய்துதான் எடுத்தார். படத்தில் ஓரம் என்று எதுவும் மிஞ்சவில்லை. எடுத்து முடித்ததும் அண்ணன் டியூட்டிக்குப் போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து நான் பிரிண்ட் ரூமுக்குள் போனபோது அண்ணி வெளிச்சப் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அண்ணனுடைய விலா எலும்புகளுக்கு நடுவே, கருப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம், பொடி மணலை விசிறின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். மேலிருந்து கீழ்வரை, இரண்டு பக்கமும்.

எங்கள் இருவருக்குமே அது என்னவென்று தெரியும். அப்படிப்பட்ட ஒரு படத்தை நெஞ்சு டாக்டரே முன்பு எங்களிடம் காட்டியிருக்கிறார். காசநோய் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவினால் இப்படித் தெரியும், பார்த்தால் ஒரு நிமிஷம்கூட தாமதிக்காமல் என்னிடம் சொல்லுங்கள் என்றிருந்தார். அந்தப் படத்துக்காரர் பிழைக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

திரையில் அதே படம் அப்படியே திறந்திருந்தது. அதில் ஒரு புள்ளிகூட இல்லை. எனக்கு உயிர் வந்தது. "அண்ணி, திரையில ஒண்ணுமே இல்ல பாருங்க" என்றேன்.

"திரை காட்டாது" என்றாள். "பழைய மையும் காட்டியிருக்காது. இது நல்ல மை. அதான் காட்டுது."

தான் தேடிப் பிடித்த மை தன் புருஷனுடைய நோயைத்தான் முதலில் கண்டுபிடித்தது என்று அவள் நினைத்தாள். அந்த மையை அவள் சந்தேகப்படவே இல்லை. அச்சடிக்கிற தொழிலிலேயே ஊறிப்போனவர்களுக்குத்தான் இப்படி ஒரு கண்மூடித்தனம் வரும். எனக்கு மையைப் பற்றி என்ன தெரியும்? அவள் நம்பினாள், நானும் நம்பினேன்.

நெஞ்சு டாக்டர் காலை வேலையை முடித்துவிட்டு வெளியூர் கிளம்பியிருந்தார், மறுநாள் சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். போனில் பிடிக்கப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அதுவரை அண்ணனிடம் எதையும் சொல்லவேண்டாம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அன்று மாலை அச்சான மற்றப் படங்களை அண்ணி வெளிச்சத்தில் வைத்துக்கூடப் பார்க்காமல் உறையில் போட்டாள். அவள் கை வேலை செய்தது, கண் வேலை செய்யவில்லை.

வீட்டில் மறைக்கவா முடியும்? அண்ணன் வந்து உட்கார்ந்ததும் அண்ணி எல்லா ஜன்னலையும் திறந்தாள். அவன் டீ குடித்த கப்பைத் தனியாக எடுத்துவைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஆனால் அடுத்த நிமிஷம் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று பார்த்தேன். அவனுக்கு எதிரே உட்காராமல் வாசலோரம் நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தேன். என் கூடப் பிறந்தவனிடமிருந்து நானே விலகி உட்கார்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அண்ணன் கப்பைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். பிறகு மெதுவாக, "என்ன சாம்பல், என் படம் நல்லா வரலையா?" என்றான். அண்ணி சொல்லிவிட்டாள். அவன் தன் பஸ்ஸில் தினமும் முன் சீட்டில் உட்கார்ந்து வரும் கர்ப்பிணி டீச்சர் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கும் வந்திருக்குமோ என்று கேட்டான். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருமல் வந்தபோதெல்லாம் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கதவுக்குப் பின்னால் அவன் இருமுவதை நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அவன் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தான். நாங்கள் வேலைக்கு வந்தோம். காலையில் முதல் ஆளாக ஒரு தபால்காரர் முழங்கால் வலியோடு நொண்டிக்கொண்டு வந்தார். படம் எடுத்து, அச்சிட்டு, அண்ணி ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் செருகினாள். நான் உறையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

முழங்காலுக்கு இரண்டு பக்கமும் மணல். தோலுக்கு வெளியே, வெறும் காற்று இருக்க வேண்டிய கருப்பில், அதே பொடி மணல்.

அண்ணி ஃபிலிமைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். லென்ஸ் வைத்துப் பார்த்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பகீரென்றது. பார்த்தால் சிரிக்கிறாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டுகிறது. "காத்துக்குக் காசநோய் வருமா? மைடி. மை" என்றாள்.

நடந்தது இதுதான். அந்த ஃபிலிமின் பூச்சு சாய மைக்காகச் செய்தது. சாயம் அதில் ஊறிவிடும், கரித்தூள் மேலேயே நிற்கும். கொஞ்சமாக விழுந்தவரை ஒழுங்காகப் படிந்திருக்கிறது. அண்ணி அளவைத் தூக்கி வைத்ததும், மை அதிகமாக விழும் ஆழ்ந்த கருப்பில் மட்டும் ஒட்டாமல் திரண்டு, நடுநடுவே பொட்டுப் பொட்டாக இடைவெளி விட்டிருக்கிறது. அண்ணனுடைய படத்தில் காற்று தெரிகிற ஓரமே இல்லாததால், நுரையீரலில் மட்டும் இருப்பது போலத் தோன்றியிருக்கிறது.

அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டாள். "உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் மை பண்ண வேலை" என்றாள். மறுமுனையில் அவன் சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்டது. உன் கருப்பு மையை என் தலையில் கொட்டிவிட்டாயே என்று செல்லமாகத் திட்டினான். சாயங்காலம் டாக்டரைப் பார்க்கவெல்லாம் வரமாட்டேன், மதிய ஷிப்டுக்கே போகிறேன் என்றான். இருமலுக்கு ஏதாவது கசாயம் வைத்துக் கொடு, போதும் என்றான். அவளும் சரி என்றாள். நானும் போய்வா என்றேன். அன்று காலை எங்களுக்கு இருந்த சந்தோஷத்தில் யார் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம்.

அண்ணி அளவைப் பழையபடி குறைத்து முழங்காலை மறுபடி அச்சிட்டாள். பளிங்காக வந்தது. தபால்காரர் எதுவும் தெரியாமல் வாங்கிக்கொண்டு போனார். முந்தின மாலை அச்சானவை ஒரு மணிக்கட்டு, ஒரு கணுக்கால். இரண்டையும் மறுபடி அச்சிட்டு, நானே வீடு தேடிப்போய்ப் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் திரும்பி வந்தபோது மதியமாகிவிட்டது. கடைசியாக மிஞ்சியது அண்ணனுடைய படம். அந்தக் கெட்ட ஃபிலிமை வீட்டில் வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை, நல்லதாக ஒன்று அச்சிட்டுவிட்டு அதைக் கிழித்துப் போடலாம் என்று அண்ணி சொன்னாள். அதற்காக மட்டும்தான் அச்சிட்டாள்.

ஃபிலிம் வெளியே வந்தது. பெட்டியில் செருகினாள். நான் பக்கத்து அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். பழையதைக் கிழித்துவிடலாமா என்று கேட்கத் திரும்பிப் பார்த்தேன்.

மணல் இருந்தது.

முன்பு போல் அப்பட்டமாக இல்லை. மங்கலாக, எலும்புகளுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஆனால் இருந்தது. அண்ணி நேராக ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பழைய பிரிண்டர்மேல் கிடந்த துணியை இழுத்துப் போட்டாள். அதே பச்சை அடிக்கிற சாய மை, அதே பழைய டிரைவர். அதில் ஒன்று அச்சிட்டாள். இரண்டு ஃபிலிமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று சாம்பல், ஒன்று பச்சை. இரண்டிலும் அதே இடத்தில் அதே புள்ளிகள். பிறகு கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றினாள். எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரே இருட்டாக இருந்த இடம் மெல்ல வெளுத்தது. அங்கேயும் இருந்தன.

இதுவரை என் வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததில்லை. முந்தின நாள் பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அப்போது பயத்துக்குத் தயாராக இருந்தோம். இப்போது சிரித்துவிட்டு வந்து நிற்கிறோம். திரை மறைத்தது, மை கூட்டிச் சொன்னது, நாங்கள் ஒன்றுமில்லை என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டோம். அவன் இந்நேரம் பஸ்ஸை எடுக்கப் போயிருப்பான்.

போன் அடித்தால் எடுக்கவில்லை. வண்டியில் உட்கார்ந்தால் அவன் போனை எடுக்கமாட்டான். அண்ணி செருப்பை மாட்டினாளோ இல்லையோ, பஸ் டிப்போவை நோக்கி நடக்கவில்லை, ஓடினாள். நானும் கவுன்ட்டரை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். அண்ணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தான், இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது, ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் முதலில் சிரித்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இறங்குங்க" என்றாள். "நான் காலையில சொன்னது தப்பு."

அவன் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தான். "நேத்து இருக்குன்ன. காலையில இல்லன்ன. இப்ப மறுபடி இருக்குன்ற. நான் எதைத்தான் நம்பறது?"

"காலையில முழங்காலைப் பாத்துச் சொன்னேன். இப்ப உங்களைப் பாத்துச் சொல்றேன். இறங்குங்க."

அவன் இன்ஜினை அணைத்தான். சாவியைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு இறங்கி, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு எங்களோடு நடந்தான். அவனுடைய இன்னொரு கையை அண்ணி பிடித்திருந்தாள். பட்டப்பகலில், டிப்போ ஆட்கள் எல்லாரும் பார்க்க, விடவே இல்லை.

சாயங்காலம் நெஞ்சு டாக்டர் மூன்று ஃபிலிமையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். முதல் ஃபிலிமை மட்டும் பார்த்திருந்தால் எது மை, எது நோய் என்று என்னாலும் பிரித்திருக்க முடியாது, மற்ற இரண்டும் இருப்பதால்தான் நிச்சயமாகச் சொல்ல முடிகிறது என்றார். அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஒரு கட்டத்தில் காய்ச்சல் தலைக்கேறி, அண்ணியைப் பார்த்து நீ யார் என்று கேட்டான். அவள் வெளியே வந்து தாழ்வாரத்தில் தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் தேற்றவில்லை, எனக்கே தெம்பு இல்லை. பிறகு மாத்திரை பிடித்துக்கொண்டது. கூட இருந்த எங்களையும், அவன் சொன்னபடி அந்த டீச்சரையும் தேடிப்போய்ப் பரிசோதித்தார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை. மாத்திரை மட்டும் மாதக்கணக்கில் நீண்டது.

அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அண்ணி எக்ஸ்ரே எடுப்பவரிடம் போய், இனிமேல் யார் நெஞ்சை எடுத்தாலும் தோளுக்கு வெளியே ஒரு விரல் காற்று விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். தோள் பெரிதாக இருந்தால் பெரிய தாளில் எடுக்க வேண்டும். அவரும் சரி என்றார். அந்தக் கருப்பு சுத்தமாக இருந்தால்தான் அண்ணி மற்றதைப் பார்ப்பாள். ஃபிலிமுக்கு ஏற்ற வேறு சாம்பல் மைகளையும் தேடிப் பிடித்தாள். பழைய பிரிண்டரைத் தூக்கிப்போட மட்டும் விடவில்லை.

மாத்திரை முடிகிற சமயத்தில் அண்ணனுக்கு மறுபடி படம் எடுத்தோம். காலர் மறுபடி கழுத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அண்ணி அச்சிட்டாள். ஃபிலிமைப் பெட்டியில் செருகிய கையோடு இரண்டு வெள்ளைத் தாளை எடுத்து இரண்டு நுரையீரலையும் மூடினாள். ஓரத்து ஒரு விரல் கருப்பை லென்ஸ் வைத்து மேலிருந்து கீழாகப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அடுத்து தாளை எடுக்க வேண்டும். அவள் எடுக்கவில்லை. மறுபடி மேலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.

வாசலில் நின்றிருந்த அண்ணன், "காத்தையே எவ்வளவு நேரம் பாப்ப, சாம்பல்? நான் உள்ள இருக்கேன்" என்றான்.

"எனக்குக் கை வரலீங்க. நீங்களே எடுங்க."

அவன் உள்ளே வந்தான். ஒரு தாளை அவன் எடுத்தான், இன்னொன்றை நான் எடுத்தேன். அண்ணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். விலா எலும்புகளுக்கு நடுவே கருப்பாக, சாதாரணமாக, எல்லாருக்கும் இருப்பது போல இருந்தது. நான் எவ்வளவு தேடியும் ஒரு புள்ளி கிடைக்கவில்லை. "அண்ணி, கண்ணைத் திறங்க" என்றேன்.

திறந்தாள். லென்ஸை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "போய்ப் பழைய பிரிண்டரை ஆன் பண்ணு. அதிலயும் ஒண்ணு போட்டுப் பாத்துடலாம்" என்றாள்.

அண்ணன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போய் ஆன் செய்தேன்.